பொம்மைக் கடையில் யாரும் கேட்காத கேள்வி

குழந்தைக்கு ஒரு பொம்மை வாங்குவதெல்லாம் பெரிய விஷயமா என்று யாராவது கேட்டால், அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று பொருள்! கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அதற்கு இரண்டாவது பிறந்தநாளும் நெருங்கி, பையில் ஐந்நூறு ரூபாயோடு பொம்மைக் கடை வாசலில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஸ்கூட்டர் வாங்கும்போது கூட இவ்வளவு குழம்பவில்லை என்பார்கள்.

அப்படி நின்ற ஓர் அப்பாவைப் பற்றியது இது. ஊர் திருச்சி. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. வரவு, செலவு, தேய்மானம், ஐந்தொகை என்று காலையிலிருந்து இரவு வரை எண்களோடு மல்லுக்கட்டும் மனிதர். மகளுக்கு இரண்டு வயது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது, வேலை முடிந்து நேராக என்.எஸ்.பி. ரோட்டுக்கு வந்தார். மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள அந்தக் கடைத்தெருவில் துணி, நகை, பாத்திரம் எதை வாங்க வந்தாலும் ஒரு பொம்மையைத் தாண்டாமல் போக முடியாது. கடைக்குள்ளும் பொம்மை, நடைபாதையிலும் பொம்மை.

கடைக்காரர் அனுபவசாலி. மூன்றே கேள்விகள்தான் கேட்டார்.

"குழந்தைக்கு என்ன வயசு சார்?"

"பையனா, பொண்ணா?"

"எவ்வளவுல பாக்குறீங்க?"

பதில் சொல்லி முடிப்பதற்குள் ஐந்து பெட்டிகள் மேசைக்கு வந்துவிட்டன. ஒன்றை அமுக்கினால் பாடுகிறது. இன்னொன்று விளக்கு எரிய எரியச் சுற்றுகிறது. மூன்றாவது, ஏ பி சி டி சொல்லிவிட்டுத் தனக்குத் தானே கைதட்டிக்கொள்கிறது! அப்பாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. கடைக்காரருக்கு அது போதும். ஏனென்றால் அவர் பொம்மையைக் காட்டியது அப்பாவுக்கு. குழந்தை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

பிரச்சினையே இங்குதான் இருக்கிறது. வணிகவியல் படிப்பவர்களுக்கு முதல் வருடத்திலேயே ஒரு பாடம் வரும். வாடிக்கையாளர் வேறு, நுகர்வோர் வேறு. காசு கொடுத்து வாங்குபவர் முதலாமவர், வாங்கியதைப் பயன்படுத்துபவர் இரண்டாமவர். இதற்குப் பொம்மையை விட நல்ல உதாரணம் கிடையாது. வாங்குபவருக்கு முப்பது வயது, விளையாடுபவருக்கு இரண்டு வயது. வாங்குபவருக்குப் பிடித்தால் விற்பனை முடிந்தது. விளையாடுபவருக்குப் பிடித்ததா என்பது நான்கு நாள் கழித்துத் தெரியும், அதற்குள் ரசீதும் தொலைந்திருக்கும்.

கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய மூன்று கேள்விகளும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்குப் பெற்றோர் சொல்லும் பதில்கள்தான் பெரும்பாலும் தவறு. அது மட்டுமல்ல, அவசியமாகக் கேட்க வேண்டிய நான்காவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

கேள்வி 1: என்ன வயசு?

பெட்டியில் "3+" என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் பல பெற்றோர் அதை அறிவுத் தேர்வு என்று நினைத்துக்கொள்கிறார்கள். "எங்க பொண்ணு ரொம்ப ஷார்ப், மூணு வயசுக்கு உள்ளதே குடுங்க" என்று பெருமையாகச் சொல்லி வாங்குகிறார்கள். இந்த அப்பாவும் மகளின் முதல் பிறந்தநாளுக்கு அப்படித்தான் வாங்கினார்.

மூன்று வயது என்ற எல்லை பெரும்பாலும் மூளையைப் பற்றியதல்ல, தொண்டையைப் பற்றியது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். அதனால் பொம்மைகளைச் சோதிக்கும் இடங்களில் ஒரு சிறிய உருளை வைத்திருப்பார்கள். அதன் விட்டம் சுமார் 31.7 மில்லிமீட்டர். அடிப்பாகம் சாய்வாக இருக்கும், ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர். பொம்மையோ, அதிலிருந்து கழன்று வரும் துண்டோ, அழுத்தாமலேயே அந்த உருளைக்குள் முழுதாக அடங்கிவிட்டால், அது மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆகாது. குழந்தை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் தொண்டையின் அளவு மாறப்போவதில்லை, இல்லையா?

இந்த விதிக்குப் பாரம்பரியமும் விலக்கல்ல. சொப்பு சாமான் என்றாலே பலருக்குப் பாட்டி ஞாபகம் வந்து கண் கலங்கிவிடும். அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகள் அழகோ அழகு. ஆனால் அதிலுள்ள குட்டிக் கரண்டியும், கோலிக்குண்டு அளவு மூடியும் ஒன்றரை வயதுக் குழந்தையின் கையில் இருக்க வேண்டியவை அல்ல. மூன்று வயதானதும் எடுத்துக் கொடுத்தால் போயிற்று.

அடுத்தது பேட்டரி. இந்த வீட்டில் நடந்ததையே சொல்லலாம். மகளுக்கு ஒன்றரை வயதில் உறவினர் ஒருவர் பாட்டுப் பாடும் செல்போன் பொம்மை வாங்கி வந்தார். குழந்தை வழக்கம்போல அதைத் தரையில் வீசினாள். பின்பக்க மூடி தெறித்தது. அதற்குத் திருகாணி இல்லை, வெறும் கொக்கிதான். உள்ளே இருந்த மூன்று பொத்தான் பேட்டரிகளில் இரண்டு தரையில் கிடந்தன. மூன்றாவதைக் காணவில்லை. அம்மா குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கிறார், அப்பா கட்டிலை நகர்த்துகிறார், குழந்தை இருவரையும் பார்த்து வீறிட்டு அழுகிறாள். பத்து நிமிடம் கழித்து அது பாய் மடிப்பில் கிடைத்தது. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி அந்த வீட்டில் இன்றும் யாரும் வேடிக்கையாகப் பேசுவதில்லை.

பயந்ததில் தவறும் இல்லை. பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தில் மின்னோட்டம் ஏற்பட்டு, இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துப் புண்ணாக்கிவிடக் கூடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆகவே பாடும் பொம்மையை வாங்குபவர்கள் அது என்ன பாடுகிறது என்று கேட்பதற்கு முன்னால், திருப்பிப் பார்த்து மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இதையெல்லாம் ஒரு அப்பா கடையில் நின்று எப்படிச் சோதிப்பார்? அதற்குத்தான் ஐ.எஸ்.ஐ. முத்திரை. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு இந்த முத்திரை கட்டாயம். சாதாரண பொம்மை என்றால் ஐ.எஸ். 9873, மின்சாரத்திலோ பேட்டரியிலோ இயங்குவது என்றால் ஐ.எஸ். 15644 என்ற எண்ணைப் பார்க்கலாம். அதோடு 'சிஎம்/எல்' என்று ஆரம்பிக்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் உண்மையான முத்திரையா என்று தெரிந்துவிடும். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளைப் பதிவு பெற்றவர்கள் செய்து விற்கும்போதும் இதில் விலக்கு உண்டு. அதனால் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் முத்திரை இல்லாவிட்டால் அது போலி என்று அர்த்தமில்லை. ஆனால் அது கொலுவில் ஆடத்தான், கடித்துப் பார்ப்பதற்கு அல்ல!

விலை அதிகம் என்றால் பத்திரமானது என்றும் சொல்ல முடியாது. 2007 ஆகஸ்டில், உலகின் மிகப் பெரிய பொம்மை நிறுவனங்களில் ஒன்றான மேட்டல், வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருந்ததால் சுமார் 15 லட்சம் பிஷர்-பிரைஸ் பொம்மைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பொருட்களின் பாதுகாப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. பெயர் பெற்ற நிறுவனத்திலேயே இப்படி நடக்கும் என்றால், பெயரே போடாத பெட்டியை எதை நம்பி வாங்குவது?

வயது விஷயத்தில் இன்னொரு பெரிய குழப்பம் வாக்கர். எட்டு மாதத்திலேயே "இன்னும் வாக்கர் வாங்கலையா?" என்று சொந்தக்காரர்கள் துளைக்க ஆரம்பித்துவிடுவார்கள். நடுவில் குழந்தையை உட்கார வைத்துச் சக்கரத்தில் உருளவிடும் அந்த வாக்கரைக் கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் அதைத் தடை செய்யச் சொல்லி வருகிறது. காரணம் எளிமையானது. நடக்கவே தெரியாத குழந்தைக்கு அது ஓடும் வேகத்தைக் கொடுத்துவிடுகிறது. மாடிப்படி, சூடான பால் பாத்திரம், தொங்கும் மேசைவிரிப்பு என எல்லாம் ஒரே நொடியில் கைக்கு எட்டிவிடும். சீக்கிரம் நடக்கவும் அது உதவுவதில்லை.

பழைய நடைவண்டி இதற்கு நேர் எதிர். மரத்தில் மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு சட்டம், அவ்வளவுதான். பிடித்து எழுந்து நிற்கத் தெரிந்த குழந்தைதான் அதைத் தள்ள முடியும். தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கி, தானே அடி எடுத்து வைக்க வேண்டும். கூடவே ஒருவர் நடக்க வேண்டும், இல்லையென்றால் சுவரில் முட்டி நின்றுவிடும். இந்தக் கடைசி வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கேள்வி 2: பையனா, பொண்ணா?

பெண் என்று சொன்னதும் கடைக்காரரின் கை தானாக ரோஸ் கலர்ப் பக்கம் போனது. அடுப்பு, மிக்ஸி, குக்கர், அலங்கார மேசை. பையன் என்று சொல்லியிருந்தால் கார், துப்பாக்கி, ஜே.சி.பி. வந்திருக்கும்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியுமா? இந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிடித்த விளையாட்டு, எதையாவது தள்ளிக்கொண்டு போவது. பிளாஸ்டிக் நாற்காலி, துணிக்கூடை, பாட்டியின் செருப்பு என்று எதுவாக இருந்தாலும் சரி. எதிர் வீட்டுப் பையனுக்கு மூன்றரை வயது. அவன் நாள் முழுக்கச் சொப்பில் தோசை சுட்டுத் தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பான். "பொம்பளப் பிள்ளையாட்டம் என்னடா இது" என்று அவன் தாத்தா ஒருநாள் சத்தம் போட்டார். இத்தனைக்கும் அந்தத் தாத்தா முப்பது வருடம் ஹோட்டலில் சரக்கு மாஸ்டராக இருந்தவர்!

பிரிட்டனில் 2012-ல் பெற்றோர் சிலர் சேர்ந்து, கடைகளில் ஆண் பிள்ளைப் பொம்மை, பெண் பிள்ளைப் பொம்மை என்று பலகை வைப்பதை நிறுத்தச் சொல்லி ஓர் இயக்கமே தொடங்கினார்கள். கலிபோர்னியாவில் 2024 முதல் பெரிய கடைகளில் இருபாலருக்கும் பொதுவான பொம்மைப் பகுதி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. திருச்சிக்கு அவ்வளவு தூரமெல்லாம் போக வேண்டாம். "பையனா பொண்ணா" என்று கேட்டால், "தள்ளி விளையாடுற குழந்தைங்க" என்று பதில் சொல்லிப் பார்க்கலாம். கடைக்காரர் ஒரு நிமிடம் விழிப்பார், பிறகு சரியான பெட்டியை எடுப்பார்.

கேள்வி 3: எவ்வளவுல பாக்குறீங்க?

மூன்றில் மிக நேர்மையான கேள்வி இதுதான். ஆனால் பதில் சொல்லும்போது பெற்றோர் மனதில் ஓடுவது குழந்தை அல்ல. பிறந்தநாளுக்கு யார் யார் வருவார்கள், பெட்டி எவ்வளவு பெரிதாகத் தெரியும், மச்சினர் என்ன வாங்கிக்கொண்டு வருவார். பொம்மை அன்று மாலை ஒரு மணி நேரம் கூடத்தில் காட்சிப்பொருளாக இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் பாதிக் காசு போகிறது.

சரி, குழந்தையே கேட்கிறதே என்பீர்கள். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. தொலைக்காட்சியில் முதன்முதலில் விளம்பரம் செய்யப்பட்ட பொம்மை, 1952-ல் அமெரிக்காவில் வந்த 'மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட்'. வெறும் கண், காது, மூக்குதான் விற்றார்கள். உருளைக்கிழங்கு நம்முடையது, வீட்டிலிருந்து எடுத்துக் குத்திக்கொள்ள வேண்டும்! கிழங்கை விட முக்கியமானது அந்த விளம்பரம். அதுவரை பொம்மை விளம்பரம் அப்பா அம்மாவிடம் பேசியது. இது அவர்களைத் தாண்டி நேராகக் குழந்தையிடம் பேசியது. அன்றிலிருந்து பெற்றோர் கடையில் தனியாக நிற்பதில்லை. ஒரு பக்கம் கடைக்காரர், மறுபக்கம் விளம்பரம் பார்த்துவிட்டு அழும் குழந்தை. இப்போது கைபேசி வீடியோவில் ஒரு குழந்தை பெட்டி பெட்டியாகப் பொம்மையைப் பிரிப்பதை இன்னொரு குழந்தை வாய் பிளந்து பார்க்கிறது. விளம்பரம் என்றே தெரியாத விளம்பரம்.

இந்த அப்பா கணக்குப் பிரிவுக்காரர் என்று சொன்னோம் அல்லவா? கடை வாசலில் நின்றபடி மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். போன தீபாவளிக்கு வாங்கிய பாடும் நாய்க்குட்டி 499 ரூபாய். மகள் அதோடு விளையாடியது நான்கு நாள். நாளொன்றுக்கு 125 ரூபாய். அதன் பிறகு அது கட்டிலுக்கு அடியில். இதற்குத் தேய்மானம் போட முடியாது, முழுத் தள்ளுபடிதான்! ஆனால் 60 ரூபாய்க்கு வாங்கிய ரப்பர் பந்து ஒரு வருடமாகத் தினமும் உருள்கிறது. நாளொன்றுக்குப் பதினாறு பைசா. எந்த முதலீடு லாபம் என்று கேட்டால் பி.காம். முதல் வருட மாணவரே சொல்லிவிடுவார்.

பந்துக்கும் நாய்க்குட்டிக்கும் என்ன வேறுபாடு? நாய்க்குட்டி ஒரே ஒரு வேலை செய்யும். அமுக்கினால் பாடும். பாடி முடித்தால் முடிந்தது. பந்தை உருட்டலாம், எறியலாம், டப்பாவில் போடலாம், ஒளித்து வைக்கலாம், பாட்டியை எழுந்து எடுத்து வரச் சொல்லலாம். பொம்மை எவ்வளவு குறைவாகச் செய்கிறதோ, அவ்வளவுக்குக் குழந்தை செய்ய இடமிருக்கிறது.

எண்ணிக்கையும் அப்படித்தான். அந்தக் கட்டிலுக்கு அடியில் எண்ணிப் பார்த்தால் முப்பத்தொரு பொம்மைகள் இருந்தன. மகள் தினமும் எடுப்பது நான்கு: பந்து, காதறுந்த துணி முயல், மூடியோடு இருக்கும் எவர்சில்வர் டப்பா, பேட்டரி கழற்றிய பழைய ரிமோட். இந்த நான்கு என்ற எண் தற்செயல்தான். ஆனால் அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதையே சொல்கிறது. 36 சிறு குழந்தைகளை ஒரு தடவை நான்கு பொம்மைகளோடும், ஒரு தடவை பதினாறு பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். நான்கு இருந்தபோதுதான் குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். முப்பத்தொன்றில் இருபத்தைந்தைப் பையில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றி எடுத்துக் கொடுத்தால், காசு செலவில்லாமல் புதுப் பொம்மை கிடைத்த மாதிரி.

கேட்காத கேள்வி

இப்போது நான்காவது கேள்வி. "குழந்தை இதை வச்சுக்கிட்டு யாரோட விளையாடும்?"

எந்தக் கடைக்காரரும் இதைக் கேட்க மாட்டார். கேட்டால் வியாபாரம் நடக்காது. ஆனால் இந்தக் கேள்விக்குத்தான் அந்த அப்பாவிடம் பதில் இல்லை. ஏனென்றால் அவர் வீட்டுக்கு வருவதற்குள் பெரும்பாலான நாட்களில் மகள் தூங்கியிருப்பாள். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வாரத்தில் கேட்கவே வேண்டாம். அந்த முப்பத்தொரு பொம்மைகளில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட வாரங்களின் முடிவில் வாங்கியவை. பொம்மை என்று பில் போட்டிருந்தாலும், அவை உண்மையில் மன்னிப்புக் கடிதங்கள்.

இது அவர் ஒருவர் கதை அல்ல. பொம்மைச் சந்தை பெரும்பாலும் இந்தக் குற்ற உணர்ச்சியில்தான் ஓடுகிறது என்று சொன்னால் மிகையாகாது. பேசும் பொம்மை, பாடும் பொம்மை, கதை சொல்லும் பொம்மை. பேசுவது, பாடுவது, கதை சொல்வது இவையெல்லாம் யாருடைய வேலைகள்?

2015 கடைசியில் அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 26 குழந்தைகள், அவர்களோடு அப்பா அல்லது அம்மா. பேசும், பாடும் மின்னணுப் பொம்மைகள், சாதாரணப் பொம்மைகள், படப் புத்தகங்கள் என்று மூன்றையும் கொடுத்து வீட்டில் விளையாடச் சொன்னார்கள். மின்னணுப் பொம்மை கையில் இருந்தபோது பெற்றோர் குறைவாகப் பேசினார்கள், குழந்தையும் குறைவாகவே குரல் கொடுத்தது. புத்தகம் இருந்தபோது பேச்சு அதிகம். சின்ன ஆய்வுதான். ஆனால் சொன்னது யாருக்கும் புரியக்கூடியது. பொம்மை பேச ஆரம்பித்தால் பெற்றவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இந்த வீட்டில் அது எப்படி நடந்தது என்பது ஒரு தமாஷ். மிருகங்களின் படத்தை அமுக்கினால் அவற்றின் சத்தம் வரும் பொம்மை ஒன்று இருந்தது. மாட்டை அமுக்கினால் "மூ" என்கும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார், பொம்மை பாடம் நடத்தும். ஒருநாள் தெருவில் நிஜ மாடு வந்தது. மகள் சந்தோஷமாக "மூ" என்றாள். அந்த மாடோ தெளிவாக "ம்மா" என்றது. குழந்தை குழம்பிப்போய்த் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்! தமிழ் மாடு அம்மா என்றுதான் கத்தும் என்பதைச் சொல்லித்தர ஒரு பொம்மையால் முடியாது. பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

நடைவண்டி ஞாபகம் இருக்கிறதா? கூட ஒருவர் நடக்க வேண்டும் என்பது அதன் குறை என்று நினைத்துத்தான் வாக்கர் வந்தது. உண்மையில் அதுதான் அதன் பலம்.

மறுபக்கம்

இதைப் படித்துவிட்டு, பாட்டுப் பாடும் பொம்மையை எல்லாம் தூக்கி எறியுங்கள் என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். அந்த வீட்டு அம்மாவும் வேலைக்குப் போகிறவர்தான். மாலை வந்ததும் சமையல், துணி, மறுநாளுக்கு மாவு. அவர் சொன்னதையும் கேட்க வேண்டும். "என்னங்க, அந்தப் பொம்மை பாடுற இருபது நிமிஷத்துலதான் நான் குழம்பு வைக்கிறேன். அதையும் பிடுங்கிட்டா நீங்க வந்து வைப்பீங்களா?" நியாயமான கேள்வி. இருபது நிமிடம் ஒரு தாயின் கையை ஓய்வாக விடுகிற பொம்மை, கொடுத்த காசுக்கு வேலை செய்திருக்கிறது. பிள்ளை வளர்ப்பு பற்றி எழுதுபவர்கள் இந்த இருபது நிமிடத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

அதேபோல, பொம்மையே வாங்க முடியாத வீடுகளும் நிறைய உண்டு. அந்தக் குழந்தைகள் விளையாடாமல் இல்லை. நுங்கு தின்ற கோந்தையில் வண்டி, பனை ஓலையில் காற்றாடி, தென்னங்கீற்றில் பாம்பு. குப்பையிலிருந்தே பொம்மை செய்யலாம் என்று தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து நாடு முழுக்கக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அரவிந்த் குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் கவனித்துப் பாருங்கள். நுங்கு வண்டியைச் செய்து கொடுக்க ஒரு அண்ணனோ, மாமாவோ, தாத்தாவோ இருந்திருப்பார். அங்கே ஆள்தான் முதலில், பொம்மை அப்புறம்.

ஆகவே விஷயம் பேட்டரியா மரமா என்பதல்ல. விலை அதிகமா குறைவா என்பதும் அல்ல. பத்திரமானதா என்பதை முத்திரையையும் திருகாணியையும் பார்த்து முடிவு செய்யலாம். அதற்கு மேல் பார்க்க வேண்டியது, அந்தப் பொம்மை வீட்டுக்குள் வந்தால் குழந்தைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வந்து உட்காருவாரா, அல்லது இருந்தவரும் எழுந்து போய்விடுவாரா என்பதைத்தான்.

கடைசியில் என்ன வாங்கினார்?

ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பிளாஸ்டிக் கோப்பைகள், ஒன்பது. முத்திரை இருந்தது, சின்னக் கோப்பை கூட அந்த உருளைக்குள் போகாத அளவு. விலை 210 ரூபாய். கடைக்காரருக்கு லேசான வருத்தம். பிறந்தநாள் அன்று பெட்டியைப் பார்த்த மாமியார், "இதுக்கா மாப்பிள்ளை கடைத்தெரு வரைக்கும் போனீங்க? எங்க வீட்டு டம்ளரைக் கொடுத்திருப்பேனே" என்றார். உண்மைதான், கொடுத்திருக்கலாம்!

மச்சினர் கொண்டு வந்த ரிமோட் கார்தான் அன்று மாலை எல்லோருக்கும் பிடித்தது. முக்கியமாக மச்சினருக்கு. கோப்பைகள் மறுநாள் காலையில்தான் வெளியே வந்தன. அப்பா வேலைக்குக் கிளம்பும் முன் தரையில் உட்கார்ந்து ஆறு வரை அடுக்கினார். ஏழாவதை மகள் வைத்தாள், எல்லாம் சரிந்தது. இருவரும் சிரித்தார்கள். மறுபடி அடுக்கினார்கள். அன்று அவர் அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் தாமதம்.

அவருடைய இரவுகள் ஒன்றும் மாறிவிடவில்லை. மாதக் கடைசி வந்தால் இன்றும் ஒன்பதரை மணிதான். ஆனால் காலையில் அரை மணி நேரம் கோப்பைகளுக்கு என்று ஆகிவிட்டது. சில நாள் அவை தொப்பி, சில நாள் இட்லிப் பானை, சில நாள் டெலிபோன். பொம்மை ஒன்றும் பேசுவதில்லை. பேச வேண்டியவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

இதைப் படிக்கும் பலருக்கு இன்னும் குழந்தை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அக்கா குழந்தைக்கோ, அண்ணன் குழந்தைக்கோ மாமாவாக, சித்தப்பாவாக, அத்தையாக, சித்தியாக ஒரு பொம்மைப் பெட்டியோடு போகும் நாள் கட்டாயம் வரும். அன்றைக்கு வாசலில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, கேக் சாப்பிட்டுவிட்டு, கைபேசியோடு நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள். பெட்டியைப் பிரித்து, குழந்தையோடு தரையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நூறு ரூபாய்ப் பொம்மையாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஒரு மணி நேரத்தை எந்தக் கடையிலும் பெட்டியில் போட்டு விற்பதில்லை.